கம்பம் நடச் சம்மதம்

ஞாயிறு, பிற்பகல்

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். உங்கள் அப்பாவின் முழங்காலை மட்டும் இதில் சேர்க்கவில்லை. மழைக்கு முன்னால் மழை வரப்போகிறது என்று வலிக்கிறது, மழை விட்டதும் ஈரம் என்று வலிக்கிறது. நம் வாண்டுவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி இருக்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை துறைமுகத்தில் கிரேன் மேலே உட்கார்ந்தபடியே பொட்டலத்தைப் பிரிக்கிறீர்களா, தெரியவில்லை. கேட்டால் "எல்லாம் ஆச்சு" என்பீர்கள்.

உறையைப் பார்த்ததும் ஃபோன் இருக்கும்போது இவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். கல்யாணமான புதிதில்கூட நான் உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. கூடவே ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன், அதற்காகத்தான் எழுதுகிறேன். நம் தெருவுக்கு இன்டர்நெட் கேபிள் வருகிறது. கால்நடை டாக்டர் வீட்டு வாசலோடு இப்போதைக்குக் கம்பம் நிற்கிறது. அதைத் தாண்டி நம் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் நம் இடத்தில் ஒரு கம்பம் நட வேண்டும். இடம் உங்கள் பேரில் இருப்பதால் நீங்கள்தான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஃபோனில் படம் எடுத்து அனுப்பினால் செல்லாதாம். வேறொரு பக்கம் யாரோ ஒருவர் நட்ட கம்பத்தைப் பிடுங்கச் சொல்லிக் கேஸ் போட்டுவிட்டாராம், அதிலிருந்து மையில் போட்ட கையெழுத்துதான் வேண்டும் என்கிறார்கள். இந்த மாதக் கடைசியோடு ஆட்கள் வேறு பக்கம் போய்விடுவார்கள். தபால் போக ஒன்பது நாள், வர ஒன்பது நாள். அதனால் இன்றே எழுதுகிறேன்.

தாளைப் பிரித்தால் இரண்டாவது பத்தியில் இருக்கும், பாருங்கள். இணைப்பு எடுத்தால் குறைந்தது இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும். தெருவில் ஆறே வீடு என்பதால் அதற்குக் குறைவாக என்றால் கம்பி இழுக்க மாட்டார்களாம். இன்னும் இரண்டு வருஷம் நாங்கள் இந்த வீட்டிலேயே இருக்கப் போகிறோமா என்று கம்பெனிக்காரன் கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. வரும் பள்ளிக்கூட வருஷத்துக்குள் எங்களை அங்கே கூட்டிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். போன வருஷமும் சொன்னீர்கள், அதற்கு முந்தின வருஷமும் சொன்னீர்கள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தாளில் அந்த இடத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது திடீரென்று கேபிள் எதற்கு என்று கேட்பீர்கள். என் வேலைக்காகத்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வதைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள், நான் கேட்டு டைப் செய்து நாற்பது நிமிஷத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். டைப் செய்ய எனக்குப் பத்து நிமிஷம் போதும். மிச்ச நேரமெல்லாம் சின்ன வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காலை ஒன்பது மணி வரை சிம் போட்ட ரவுட்டரில் மொபைல் நெட் ஒழுங்காக இருக்கும். அப்புறம் இழுக்க ஆரம்பிக்கும். சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுக்கு வீடு ஃபோனைக் கையில் எடுத்தால் நம் வீட்டில் எல்லாம் நின்றுபோகும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். லேப்டாப்பை பிளாஸ்டிக் பையில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு மேட்டுத் திருப்பத்துக்குப் போவேன். அங்கே பஸ் நிற்கிற இடத்தில் சிக்னல் கிடைக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் நாலு தடவை. பஸ் டிரைவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டும் அளவுக்குப் பழக்கமாகிவிட்டார்கள்.

போன மாதம் இடுப்பு முறிந்த ஒரு பெரியவருடைய எக்ஸ்ரே பதிவு அவசரம் என்று வந்தது. டைப் செய்து அனுப்பினால் தொண்ணூற்றாறு சதவீதத்தில் போய் நின்றுகொண்டது. நல்ல மழை. மேட்டுக்குப் போய் அனுப்பி முடிக்க ஐம்பத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது. அவரை ஆபரேஷனுக்குத் தயாராகப் படுக்கவைத்துவிட்டு என் ஒரு பக்கத்துக்காகக் காத்திருந்தார்களாம். எங்கள் மேற்பார்வை மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உங்க வீட்டுல வயர் லைன் வருமா வராதா, அதை மட்டும் சொல்லிடும்மா" என்றார். மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒரு முடிவு சொல்கிறேன் என்று தவணை வாங்கியிருக்கிறேன்.

இதைப் படித்ததும் உங்களுக்குச் சுருக்கென்றிருக்கும். மொட்டை மாடியில் ஆண்டெனா வைத்துக் கொடுத்திருக்கும்போது இவள் எதற்கு மேட்டுக்கு ஓடினாள் என்று. சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டெனா வேலை செய்யவில்லை. நீங்கள் வைத்த நாளிலிருந்தே செய்யவில்லை.

இருபத்தோரு நாள் லீவில் வந்தீர்கள். அதில் ஆறு நாள் மாடியில் இருந்தீர்கள். பின்கழுத்துத் தோல் உரிந்துபோயிற்று. கீழே இறங்கி வந்து, கையில் ஸ்பானரோடு "எப்படி?" என்று கேட்டீர்கள். நான் ஃபோனைப் பார்த்தேன், முன்பு இருந்த அதே ஒரு கோடு. உங்கள் முகத்தையும் பார்த்தேன். "ஜோரா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை சொன்னது, எட்டு மாதம் ஞாயிறுதோறும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதையும் மேட்டில் நின்றுகொண்டுதான் சொன்னேன். லாரி சத்தம் கேட்குதே என்பீர்கள், காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது என்பேன். உங்கள் அறையில் கூட இருப்பவருக்கும் படம் போட்டுக் கொடுத்து அவர் வீட்டில் இதே மாதிரி வைக்கச் சொன்னதாகச் சொன்னீர்கள். அந்த வீட்டில் என்ன ஆயிற்றோ, கொஞ்சம் விசாரியுங்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போதே கோபம்தான். சிக்னல் இல்லை என்று அல்ல. இருபத்தோரு நாளில் ஆறு நாள் நீங்கள் எங்களோடு கீழே இருந்திருக்கலாமே என்று. எங்களோடு பேசுவதற்காகத்தான் அந்தப் பாடு பட்டீர்கள் என்பதும் தெரியும். அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆண்டெனா விஷயம் எப்படி வெளியே வந்தது என்றால், பத்து நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை, கேபிள் கம்பெனி ஆள் அளக்க வந்தார். எங்கே போனாலும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டே போவதால் தெருவில் அவருக்கு ஏணிக்காரர் என்று பேர் விழுந்துவிட்டது. கேபிள் எந்தப் பக்கமாக உள்ளே வரலாம் என்று பார்க்க மாடிக்குப் போனவர், ஆண்டெனா பக்கத்தில் நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "அக்கா, இதை யாரு வச்சது?" என்று மேலிருந்து கேட்டார். கடைக்காரர் வைத்தார் என்றேன். "அவர்கிட்ட இனிமே பல்புகூட வாங்காதீங்க" என்றார்.

இருட்டினால் தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு தெரியுமே, டவர் அங்கேதான் இருக்கிறது என்று குறி பார்த்துத் திருப்பி வைத்தீர்களே, அது டவர் இல்லையாம். சிமென்ட் ஆலையின் புகைபோக்கியாம். விமானத்துக்காக அதன் உச்சியில் விளக்கு வைத்திருக்கிறார்களாம். எட்டு மாதமாக நம் வீடு புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. டவர் நமக்கு நேர் பின்னால், குன்றுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. ஏணிக்காரர் மூன்று நட்டைத் தளர்த்தி அந்தப் பக்கம் திருப்பிவிட்டு வந்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் சமையலறையில் நின்று ஃபோனைப் பார்த்தேன். நாலு கோடு. நம் வீட்டுக்குள் நாலு கோட்டை நான் பார்த்ததே இல்லை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுப்பில் பால் பொங்கியதால் இரண்டுக்கும் நேரமில்லை.

அப்படியானால் கேபிளே வேண்டாமா என்று அவரிடமே கேட்டேன். கேபிள் விற்க வந்த மனிதர், எது நல்லது என்று கேட்டால் கேபிள்தான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். அப்படிச் சொல்லவில்லை. "ரெண்டு மூணு மாசம் ஓட்டணும்னா இந்த மொபைல் ரவுட்டரே போதும்க்கா. சாயங்காலம் இழுக்கும், பெரிய மழைக்கு நிக்கும், பாத்து அனுசரிச்சுக்கணும். வேற இடம் போனா கையோட தூக்கிட்டுப் போயிடலாம். வருஷக்கணக்குல இங்கதான்னா கம்பி போட்டுக்கங்க, அப்புறம் இந்தத் தலைவலியே இருக்காது. நீங்க எவ்வளவு நாள் இருப்பீங்க?" என்றார். எல்லாரும் சுற்றிச் சுற்றி அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அளந்து வையுங்கள், வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அளவு நாடாவின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, எலுமிச்சை மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு, அவர் டாக்டர் வீட்டுக் கம்பத்தைப் பார்த்து நடந்தார். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போகிற போக்கில் ஏணிக்காரர் அவரிடம், "பெரியவரே, ரெண்டு வருஷம் கட்டாயம் வச்சிருக்கணும், அப்புறம் மாத்திப் பேசக் கூடாது" என்றார். மாமா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "தாராளமா போடுப்பா. என் மகன் அங்க இன்னும் ரெண்டு வருஷம் வேலைக்கு எழுதிக் குடுத்துட்டான், அதுவரைக்கும் இவங்க இங்கதானே" என்றார்.

நான் நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏணிக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து "இழுத்துப் பிடிங்கக்கா, தொங்குது" என்று சத்தம் போட்டார். இழுத்துப் பிடித்தேன். எண்பத்து நாலு மீட்டர். படிவத்தில் அந்த எண்ணை எழுதியது நான்தான், எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். அவர் போகும்போது தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். வாண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள், பையை வாங்கி வைத்தேன். அன்றைக்கு வந்த பதினோரு அறிக்கையையும் வீட்டிலிருந்தே அனுப்பினேன். ஒன்றுகூடத் தாமதமில்லை.

மாமாவைத் திட்டாதீர்கள். நான் கையை உதறிவிட்டு உள்ளே போனதைப் பார்த்ததும்தான் அவருக்கு உறைத்திருக்கிறது. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "உன்கிட்ட அவனே சொல்றேன்னான்மா. சொல்லியிருப்பான்னுதான் இருந்தேன்" என்றார். நீங்கள் அவரிடம் சொல்லி இரண்டு மாதம் ஆகிறதாம். இரண்டு மாதம் என்றால் எட்டு ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் வாண்டுவின் அளவுக்குச் செருப்பு வாங்கவா, மாமாவுக்குத் தைலம் அனுப்பவா என்று கேட்டீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. சாதாரணக் கோபம் இல்லை. ஆனால் அதை முழுக்கக் கொட்டித் தீர்க்கவும் முடியவில்லை. எட்டு மாதம் ஜோரா இருக்கு என்று சொன்னவள்தானே நான். முதல் தடவை சொல்லாமல் விட்டால் அடுத்த தடவை எவ்வளவு கஷ்டமாகிறது என்று எனக்குத் தெரியும். என்ன ஒன்று, நான் மறைத்தது ஒரு ஆண்டெனா. நீங்கள் மறைத்தது இரண்டு வருஷம்.

போன ஞாயிறு பேசினோமே, அதை எழுதத்தான் கை தயங்குகிறது. ஆண்டெனாவைத் திருப்பிய பிறகு முதல் தடவையாக வீட்டுக்குள் இருந்து பேசினோம். வாண்டு வாயைத் திறந்து பல் விழுந்த இடத்தைக் காட்டினாள், நீங்கள் அந்த நொடியிலேயே சிரித்தீர்கள். எப்போதும் மேட்டில்கூட உங்கள் முகம் பாதி கண்ணை மூடினபடி அப்படியே நின்றுவிடும், அவளும் அந்த நின்றுபோன முகத்திடமே கதையைச் சொல்லி முடித்துவிட்டு வருவாள். அன்றைக்கு முகம் நிற்கவே இல்லை. "பாத்தியா, நான் வச்ச ஆண்டெனா" என்று பெருமையடித்துக்கொண்டீர்கள். விட்டுவிட்டேன். அப்புறம் ஃபோனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், நாங்கள் எப்போது அங்கே வருவது என்று கேட்டேன். நீங்கள் கீழே குனிந்தீர்கள். குனிந்தது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதோடு கட்டாகிவிட்டது. திருப்பிக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப். மறுநாள், "சிக்னல் போயிடுச்சு" என்று சொன்னீர்கள்.

உங்கள் பக்கம் போயிருக்கலாம். வாண்டுவிடமும் அப்படித்தான் சொன்னேன். என் ஃபோனில் நாலு கோடும் அப்படியே இருந்தது. இத்தனை நாளும் பேச்சு பாதியில் அறுந்தபோதெல்லாம் டவரைத்தான் திட்டியிருக்கிறேன். அதில் எத்தனை தடவை டவர் செய்தது, எத்தனை தடவை உங்கள் கட்டைவிரல் செய்தது என்று யோசித்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. எனக்கு அலுத்துவிட்டது. வேலை அலுக்கவில்லை, மாமா அலுக்கவில்லை, பிள்ளை அலுக்கவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று காத்திருப்பதுதான் அலுத்துவிட்டது.

சரி, படிவத்துக்கு வருகிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கம்பம் நடுவார்கள், கம்பி வரும். வேலை தங்கும், பிள்ளை படிப்பாள், நானும் இத்தனை நாள் ஓட்டியதைப் போல இன்னும் இரண்டு வருஷத்தை ஓட்டிவிடுவேன். செத்துப்போய்விட மாட்டேன். உங்களை வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்கவும் போவதில்லை, எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான்.

ஆனால் என்னைக் கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். ஆண்டெனா இப்போது இருக்கிற நிலையில், வாண்டுவின் பரீட்சை முடிகிற வரை மூன்று மாதத்தை மொபைலிலேயே சமாளித்துவிடுவேன். மேடமிடம் பேசிவிட்டேன், எங்கே உட்கார்ந்து டைப் செய்தாலும் அவருக்குச் சரிதானாம், நேரத்துக்கு வந்தால் போதுமாம். துறைமுகம் இருக்கிற இடத்தில் சிக்னலுக்கா பஞ்சம்? ரவுட்டர் என் கைப்பைக்குள் அடங்கிவிடும். மாமாவே உங்கள் தங்கைக்கு ஃபோன் போட்டு அங்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் படி ஏற வேண்டியதில்லை, முழங்காலுக்கு நல்லது என்று எனக்குக் காரணம் சொல்கிறார். வாய் தவறிச் சொன்னதற்குப் பரிகாரம் செய்கிறார் என்று எனக்குத் தெரியாதா. எங்களுக்கு ஒரு அறை போதும். குளியலறை வெளியே இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் ராத்திரி ஷிப்ட் போய்விட்டுப் பகல் முழுக்கத் தூங்கினாலும் பரவாயில்லை. தூங்குகிறவர் முகத்தையாவது வாண்டு பார்க்கட்டும்.

அங்கே எங்களைக் கூட்டிக்கொள்ள முடியாத காரணம் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள். என்ன காரணமாக இருந்தாலும் படித்துவிட்டுத்தான் பேசுவேன். இடமில்லை என்றால் இடமில்லை என்று எழுதுங்கள். மனமில்லை என்றால் அதை எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடிக்கிற நாளில் யார் சொன்னாலும் கிரேன் மேலே ஏறாதீர்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்றாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் ஒரு மாற்றமும் இல்லை.

எந்தப் பதிலானாலும் எழுதியே அனுப்புங்கள். ஃபோனில் மட்டும் சொல்லாதீர்கள். வர வேண்டாம் என்று நீங்கள் ஃபோனில் சொன்னால், அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டாகிவிட்டது என்று வாண்டுவிடம் சொல்லிவிடுவேன். நாலு நாள் போனால் நானும் அதையே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி